துவான் பூலான்

ஈப்போ ராணுவ முகாமின் வாசலைத் தாண்டி ஜெலாப்பாங் பக்கம் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் துணிப்பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு தகரக் கோப்பை. காவலுக்கு நின்ற மலாய்க்காரச் சிப்பாய் பின்னாலிருந்து, "எங்கே அண்ணே?" என்று கத்தினான். இத்தனை மாதத்தில் அவன் கற்றுக்கொண்ட தமிழ் அவ்வளவுதான். "ஜாலான் லா," என்றேன். சும்மா நடக்கிறேன் என்று அர்த்தம். அவன் சிரித்துவிட்டுத் துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டான்.

இப்படிப் பல இடங்களிலிருந்து நடந்து போயிருக்கிறேன். சுங்கை சிப்புட் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது நாலாம் வகுப்போடு கிளம்பியவன். அதற்குப் பிறகு ஈயம் தோண்டும் லம்பம், கல் உடைக்கும் குவாரி, லோரியில் டிரைவருக்கு உதவியாகக் கிளிண்டன் வேலை, பாகான் செராயில் நெல் மூட்டை தூக்குவது என்று ஓடியது. எந்த இடத்திலும் வருடம் முழுக்க நின்றதில்லை. சண்டை போட்டுப் போயிருக்கிறேன், விரட்டப்பட்டுப் போயிருக்கிறேன், ஒரு காரணமும் இல்லாமல் காலையில் எழுந்து போயிருக்கிறேன். இனிமேல் நீ போகலாம் என்று ஒருவர் சொல்லி நான் நடந்தது அந்த ஒரு முறைதான்.

சொன்னவர் அந்த முகாமின் டாக்டர். ராணுவத்தில் கேப்டன். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். முகத்துக்கு நேரே டாக்டர் துவான் என்பார்கள். துவான் என்றால் துரை. அவர் திரும்பிப் போனதும் துவான் பூலான் என்பார்கள். பூலான் என்றால் நிலா. நிலாவுக்குப் போகப் போகிற துரை. நிலாவுக்குப் போவதாக அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அமெரிக்காக்காரனுடைய விண்கப்பலில் ஏறிப் பூமியைச் சுற்றி வரவேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். சிப்பாய்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான் அவரை முதலில் பார்த்தது சட்டை இல்லாமல்.

அப்போது முகாமுக்குள் புல் வெட்டும் குத்தகையில் கூலியாக இருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். உள்ளே வேலை செய்யும் வெளியாட்கள் எல்லோருக்கும் எக்ஸ்ரே மெஷினில் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் ஆட்கள் முரண்டு பிடித்தார்கள். அந்த மெஷின் முன்னால் நின்றால் பிள்ளை பிறக்காது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். என்னோடு புல் வெட்டியவன் வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் வரல மச்சான். எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல."

கதவருகே நின்ற டாக்டர் அதைக் கேட்டுவிட்டார். அவர் தமிழர் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. "எனக்கும்தான் ஆவல," என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றினார். நேரே போய் மெஷினில் நெஞ்சை அழுத்தி நின்றார். படம் எடுத்துக் கழுவி வந்ததும் ஈரத்தோடு அதை ஜன்னலில் மாட்டி எங்களைக் கூப்பிட்டார்.

"வந்து பாருங்க. இதுதான் நான். உள்ளுக்குள்ள இப்படித்தான் இருக்கேன்."

"ரொம்ப மெலிஞ்சு போயிட்டீங்க துவான்," என்றான் என் கூட்டாளி. எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். அப்புறம் ஒருவன் விடாமல் போய் நின்றோம்.

கூட்டாளிக்கு ஒன்றும் இல்லை. என் படத்தில்தான் வலது பக்கம் மேலே வெள்ளையாக ஏதோ இருந்தது. குவாரி நாட்களிலிருந்தே இருமல் இருந்தது. தூசி என்று நினைத்திருந்தேன். காசநோய் என்று சொன்னார்கள். குத்தகைக்காரர் அன்று சாயங்காலமே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரே கொட்டகையில் பத்துப் பேர் படுத்தோம்.

சில வாரங்கள் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அங்கே அவர் இரண்டு முறை வந்தார். முதல் முறை வந்தபோது கையில் சிவப்பு மாத்திரை ஒன்று இருந்தது.

"அண்ணே, இதைத்தான் உங்களுக்குக் கொடுக்கப் போறாங்க. ஒன்னை நான் நேத்து முழுங்கிப் பார்த்தேன்."

நான் அவரையே பார்த்தேன். காசநோய் எனக்கு. மாத்திரை தின்றவர் அவர்.

"ஒன்னுக்குப் போனா சிவப்பா போகும். ரத்தம் மாதிரி இருக்கும், ரத்தம் இல்ல. எனக்கும் அப்படித்தான் போச்சு. இதைப் பார்த்துப் பயந்துதான் தோட்டத்து ஆளுங்க பாதியில நிறுத்திடுறாங்க. நீங்க நிறுத்தக்கூடாது."

மறுநாள் காலையில் சிவப்பாகத்தான் போனது. பக்கத்துக் கட்டில்காரர் அன்றைக்கே மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளிக்க ஆரம்பித்தார். நான் முழுங்கினேன். எனக்குத் தைரியம் வந்ததென்று சொல்ல மாட்டேன். ஒரு கேப்டனுக்கே சிவப்பாகப் போயிருக்கிறது, நமக்கு என்ன என்று தோன்றியது, அவ்வளவுதான்.

இரண்டாம் முறை வந்தபோது, வெளியே விட்டால் எங்கே தங்குவீர்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மையில் எனக்கு லூமுட் பக்கம் போகலாம் என்று ஒரு எண்ணம் இருந்தது. அங்கே கப்பல் துறையில் வேலை கிடைக்கும் என்று கேள்வி.

"மாத்திரை இன்னும் பல மாசம் இருக்கு. ஒரு நாள் விடாம முழுங்கணும்."

"முழுங்கிக்கிறேன் டாக்டர்."

"எங்கே? லோரியிலயா?"

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு, "எனக்கு ஒரு நாற்காலி சுத்த ஆள் வேணும், வாரீங்களா?" என்று கேட்டார்.

அது முடிதிருத்தும் கடை நாற்காலி. ஈப்போவில் பழைய கடை ஒன்றை மூடியபோது வாங்கி வந்திருந்தார். முகாம் மருத்துவமனைக்குப் பின்னால் சாமான் அறையில் போட்டு, அடியில் புதிய பேரிங் மாட்டி வைத்திருந்தார். காலையில் எனக்கு மாத்திரை கொடுத்து நான் முழுங்கியதைப் பார்த்துவிட்டு அதில் உட்கார்ந்து கண்ணைக் கட்டிக்கொள்வார். நான் சுற்ற வேண்டும். அவர் தலையை முன்னே குனிவார், பக்கவாட்டில் சாய்ப்பார். பிறகு கையைத் தூக்குவார். நிறுத்துவேன். அவர் எழுந்து வாளியைத் தேடுவார்.

முதல் மாதம் முழுக்க வாந்திதான். வாயைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்காருவார்.

"வேணாம் டாக்டர். பசியாறினதெல்லாம் போச்சு."

"மேலே போனா மொத மூணு நாள் எல்லாருக்கும் இப்படித்தானாம். இங்கேயே எடுத்து முடிச்சிட்டா அங்கே வேலை பார்க்கலாம்லா."

ஒரு நாள் என்னை உட்காரச் சொன்னார். எனக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்கவாம். ஒரு சிப்பாய் சுற்றினான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் வேகமாகச் சுற்றச் சொன்னார். குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார். இறங்கி நேராக நடந்து போய் அவருக்குக் கோப்பி கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. அவர் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்களை அனுப்பிடலாம் போலிருக்கே அண்ணே."

"நான் போனா திரும்பி வர மாட்டேன் டாக்டர். அங்கேயிருந்தும் எங்கேயாவது போயிடுவேன்."

நாற்காலி மட்டும் இல்லை. தன் கட்டிலின் கால்பக்கம் செங்கல் வைத்து உயர்த்தித் தலை தாழ்வாகப் படுத்துத் தூங்குவார். மேலே போனால் ரத்தம் தலைக்கு ஏறுமாம், அதற்குப் பழகுகிறாராம். காலையில் முகம் உப்பி, கண் சிறுத்து, ராத்திரி முழுக்கக் கள்ளுக்கடையில் இருந்தவர் மாதிரி வருவார். அவருடைய அப்பா பாகான் டத்தோவிலிருந்து பஸ் ஏறி ஒரு முறை பார்க்க வந்திருந்தார். தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரித்தவர். உள்ளங்கை இரண்டும் மரப்பட்டை மாதிரி இருக்கும். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து மகன் வருவதைக் கண் இடுக்கிப் பார்த்தார்.

"குடிக்கிறானா தம்பி?"

"இல்ல ஐயா. தலைகீழாத் தூங்குறாரு."

"அதுக்குக் குடிக்கிறதே தேவலை," என்றார்.

டாக்டர் தன் கதையை வரிசையாகச் சொன்னதில்லை. சுற்றுவதற்கும் சுற்றுவதற்கும் நடுவில், தலை தெளியும் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார். தேங்காய் உரிக்கிறவன் மகன் டாக்டருக்குப் படிக்க அந்தக் காலத்தில் அவருக்குத் தெரிந்த வழி பட்டாளம் ஒன்றுதான். பட்டாளம் படிக்க வைத்தது. பதிலுக்கு அவர் பட்டாளத்துக்கு உழைக்க வேண்டும். விமானிகளைப் பார்க்கும் டாக்டர் வேலைக்கு யாரும் போகாததால் அவரை இங்கிலாந்துக்கு ஒரு படிப்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய இரும்புக் கையின் நுனியில் ஆளைக் கட்டிச் சுற்றுவார்களாம்.

"பன்ஃபேர் ராட்டினம் மாதிரிதான் அண்ணே. ஆனா உங்க கன்னம் காதுக்குப் போயிடும். நான் கேட்டு ஏறினேன். டாக்டருங்க ஏற வேண்டியதில்லன்னாங்க. ஏறாம எப்படி ஒரு பைலட்கிட்ட, உனக்கு ஒன்னும் ஆகாது போன்னு சொல்றது?"

மேலே போகவேண்டும் என்பதும் இதற்காகத்தான். மேலே மனித உடம்புக்கு என்ன ஆகிறது என்று எழுதியவர்களில் பெரும்பாலானவர்கள் கீழே உட்கார்ந்து எழுதியவர்கள் என்பார். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு வெறுப்பு இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு முறை சொன்னார். அவர் சிறுவனாக இருந்த தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர் ஒருவர் இருந்தார். மாதத்துக்கு ஒரு முறை தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளை நிறுத்தி மூக்கைப் பிடித்துப் பேதி மருந்து ஊற்றுவார். இனிப்பாக இருக்கும், ஒன்றும் செய்யாது என்பார்.

"அவருக்கும் மூணு பிள்ளைங்க. ஒரு தடவைகூட அதுங்க எங்க வரிசையில நின்னதில்ல. நான் ஒவ்வொரு மாசமும் பார்ப்பேன், இன்னிக்காவது வருதான்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் தோட்டத்திலும் அப்படி ஒரு வரிசை இருந்தது.

இதற்கு நடுவில் விஷயம் நிஜமாகிவிட்டது. வெளிநாட்டு ஆட்களையும் அமெரிக்காக்காரன் ஏற்றிக்கொண்டு போகிறான் என்று செய்தித்தாளில் வந்துகொண்டிருந்தது. நம் நாட்டிடமும் கேட்டால் அனுப்ப ஆள் தயாராக இருக்கட்டும் என்று கோலாலம்பூரில் யாரோ நினைத்திருக்கிறார்கள். ராணுவத்திடம் பெயர் கேட்டார்கள். அவர் பெயர் போனது. ஒவ்வொரு சுற்றாகக் கழித்துக் கடைசியில் நாலு பேர் மிஞ்சினார்கள். அதில் அவர் ஒருவர். டாக்டர் அவர் ஒருவர்தான். அந்த வாரம் சிப்பாய்கள் துவான் பூலான் என்று சொல்லும்போது கேலி குறைந்திருந்தது. நாற்காலியில் அவர் இப்போது வாந்தி எடுப்பதில்லை. நான் கை சளைக்கும் வரை சுற்றினாலும் இறங்கி நேராக நடந்தார். "கோப்பி கொண்டாரட்டுமா அண்ணே?" என்று என்னைக் கேட்டார்.

கோலாலம்பூருக்குக் கடைசிப் பரிசோதனைக்குப் போக ஒரு வாரம் இருந்தது. அப்போதுதான் முகாம் மருத்துவமனைக்கு வயிற்றுக்குள் பார்க்கும் புது மெஷின் வந்தது. ஸ்கேன் என்றார்கள். சின்ன டிவி மாதிரி ஒரு பெட்டி, வயரில் தொங்கும் ஒரு கட்டை. எக்ஸ்ரே பார்க்கும் மலாய்க்காரக் கோப்ரலுக்கு அதில் பயிற்சி கொடுத்திருந்தார்கள். பெட்டியைப் பிரித்ததும் டாக்டர் சட்டையைக் கழற்றிப் படுத்துவிட்டார். யாருக்கும் அது அதிசயமாக இல்லை. அந்த மருத்துவமனையில் எந்தச் சாமான் வந்தாலும் முதல் ஆள் அவர்தான். புது ஊசி வந்தால்கூடத் தன் கையில் குத்திப் பார்ப்பார்.

நான் தரையில் கிடந்த வைக்கோலையும் அட்டையையும் கூட்டிக்கொண்டிருந்தேன். கோப்ரல் பசையைத் தடவி ஒரு பக்கம் கட்டையை வைத்துப் பார்த்தான். சரி என்றான். மறுபக்கம் வைத்தான். நகர்த்தினான். மேலே கொண்டுபோனான், கீழே கொண்டுவந்தான். மெஷின் பழுது போலிருக்கிறது என்றான். டாக்டர் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தார். கோப்ரல் கையிலிருந்த கட்டையை வாங்கித் தானே வைத்துப் பார்த்தார். நான் கூட்டுவதை நிறுத்திவிட்டேன்.

எழுந்து உட்கார்ந்து துணியால் வயிற்றைத் துடைத்தார். "அண்ணே, நீங்க படுங்க," என்றார்.

படுத்தேன். பசை ஜில்லென்று இருந்தது. ஒரு பக்கம் பார்த்தார். மறுபக்கம் பார்த்தார். "மெஷின் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு ரெண்டு இருக்கு," என்றார். அவருக்குச் சிறுநீரகம் ஒன்றுதான். பிறக்கும்போதே அப்படி. ஒரு நாளும் ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. அந்த மெஷின் இன்னும் ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் அவர் கோலாலம்பூருக்குப் போயிருப்பார்.

அவருக்கு மேலே ஒரு மேஜர் இருந்தார். சீனர், அவரும் டாக்டர். விஷயம் தெரிந்ததும் சாமான் அறைக்கே வந்துவிட்டார். இரண்டு பேரும் மலாயில் பேசினார்கள். நான் நாற்காலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு மலாய் புரியும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

"அங்கே காதும் கண்ணும் ரத்தமும்தான் பார்ப்பார்கள். இதைப் பார்க்க மாட்டார்கள். நீயாகச் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"ஒன்றை வைத்துக்கொண்டு எண்பது வயது வரை இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். உனக்கே தெரியும்."

"கீழே இருக்கிறார்கள். மேலே தண்ணீர் குறையும், கல் உண்டாகும் என்கிறார்கள். இருக்கிற ஒன்றில் கல் அடைத்தால் என்னோடு எல்லோரும் இறங்க வேண்டும். ஒரு விமானி இதை மறைத்துவிட்டு என்னிடம் வந்தால் நான் என்ன எழுதுவேன், துவான்? பறக்கத் தகுதியில்லை என்றுதானே எழுதுவேன்?"

"எழுதுவாய்."

"அப்படியானால் இதையும் நானே எழுதுகிறேன்."

மேஜர் அவர் தோளில் கை வைத்தார். பிறகு போய்விட்டார்.

மறுநாள் காலை டாக்டர் மாத்திரையோடு வந்தார். நான் முழுங்கினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைக் கட்டிக்கொண்டார்.

"இன்னும் எதுக்கு டாக்டர்?"

"பழகிப்போச்சு. சுத்துங்க."

சுற்றினேன். அவர் தலையைக் குனியவும் இல்லை, சாய்க்கவும் இல்லை. கையைத் தூக்குவார் தூக்குவார் என்று பார்த்தேன். தூக்கவே இல்லை. கை வலித்து நானே விட்டுவிட்டேன். நாற்காலி தானாக மெதுவாகி நின்றது. கண்ணில் கட்டிய துணியை அவிழ்க்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் வெளியே போய்க் கோப்பி வாங்கிவந்தேன். வரும்போது துணியை அவிழ்த்து மடித்து வைத்திருந்தார். கோப்பி சீனி கம்மி என்றார்.

சரவாக்கின் உட்பகுதிக்கு மாற்றல் கேட்டு வாங்கினார். ஆற்றோரக் கிராமங்களுக்கு ஹெலிகாப்டரில் போய் வைத்தியம் பார்க்கும் வேலை. ஆனால் உடனே போகவில்லை. கையில் சில வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று எழுதினாராம்.

அந்த வேலை என்ன என்று கடைசி நாளில்தான் எனக்குத் தெரிந்தது. அவர் எனக்கு மறுபடியும் நெஞ்சுப் படம் எடுத்தார். என் பழைய படம், புதுப் படம், முதல் நாள் எங்களுக்குக் காட்டிய அவருடைய படம் மூன்றையும் ஜன்னலில் பக்கம் பக்கமாக மாட்டினார். என் புதுப் படத்தில் வெள்ளை போய் ஒரு சின்னத் தழும்பு மட்டும் இருந்தது.

"மாத்திரை முடிஞ்சுது. இனிமே நீங்க எங்கே வேணும்னாலும் போகலாம் அண்ணே. இருமல் வந்தா மட்டும் வெட்கப்படாம பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

"உங்க படம் எப்படி இருக்கு டாக்டர்?"

அவர் அதை ஒரு தடவை பார்த்தார். "கிளீன். நெஞ்சை மட்டும் தனியா மேலே அனுப்பலாம்."

கும்பிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிக் குலுக்கினார். முன்பக்கம் ஜீப் காத்திருந்தது.

நாற்காலியை முகாமின் முடிதிருத்தும் கடைக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருந்தார். கோப்ரலும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போனோம். வழியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கும்போது கோப்ரல் சொன்னான். இந்த நாற்காலி வந்த நாளிலேயே இதைச் சுற்ற மேலிடம் இரண்டு சிப்பாய்களைக் கொடுத்ததாம். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று டாக்டர் அந்த இரண்டு பேரையும் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

"ஏன்?" என்றேன்.

"தெரியாதா? நீ ஓடிவிடுவாய் என்று."

அதனால்தான் அன்றைக்குக் கேட்டைத் தாண்டும்போது நான் மெதுவாக நடந்தேன். நான் அவருக்காக அங்கே தங்கியிருப்பதாகத்தான் அத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். வாந்தி எடுக்கிற மனுசனை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று நினைத்தேன். லூமுட் போயிருந்தால் மாத்திரையை எந்த ஊரில் விட்டிருப்பேன் என்று எனக்கே தெரியும். இன்றைக்கு இதைச் சொல்ல எனக்கு மூச்சு இருக்கிறது. அதை அந்த நாற்காலியில் சுற்றிச் சுற்றி அவர் எனக்கு வாங்கிக் கொடுத்தார்.

சாயங்காலம் ஜெலாப்பாங் தாண்டி ஒரு திடலில் ஊர் ஊராகப் போகும் பன்ஃபேர் ஒன்று இறங்கியிருந்தது. லோரியிலிருந்து இரும்புத் துண்டுகளை இறக்கிப் பெரிய ராட்டினத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் முதலாளியான சீனத் தௌக்கே வாயில் சிகரெட்டோடு எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார். ஆள் வேண்டுமா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ராட்டினத்தில ஆள் ஏத்தி இறக்கணும். தலை சுத்துமா உனக்கு?"

"சுத்தாது தௌக்கே. பார்த்தாச்சு."

காலையில் வா என்றார். அன்று அங்கேயே லோரிக்குக் கீழே படுத்தேன்.

காலையில் ராட்டினத்துக்குப் போனபோது வேலிக்கு வெளியே பிள்ளைகள் வந்து நின்றுவிட்டார்கள். தௌக்கே மோட்டாரைக் கிளப்பிவிட்டு, வேலிக் கதவைத் திற என்று கை காட்டினார். நான் கதவைத் திறக்காமல் ராட்டினத்தின் முதல் தொட்டியில் ஏறி உட்கார்ந்து கம்பியைப் போட்டுக்கொண்டேன்.

"ஓட்டுங்க தௌக்கே. மொதல்ல நான்."

"கீலா," என்றார். பைத்தியம். ஆனாலும் ஓட்டினார். ராட்டினம் என்னை மேலே கொண்டுபோனது. கீழே பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு சுற்று முடிந்ததும் இறங்கி அடுத்த தொட்டியில் ஏறினேன். பிறகு அடுத்தது. தௌக்கே திட்டிக்கொண்டே ஓட்டினார். பாதி தொட்டிகளைத் தாண்டிய பிறகு ஒன்றில், உச்சிக்குப் போனபோது, முன்னால் போட்டிருந்த கம்பி தானாகக் கழன்று திறந்துகொண்டது.

இறங்கிவந்து யாரும் ஏறாதபடி அந்தத் தொட்டியைக் கயிறு போட்டுக் கட்டினேன். மிச்சத்திலும் ஏறிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தேன்.